விடை எத்தனை மடங்கு தப்பு? வாயு நிறைக் கணக்கில் பிழை பிடிக்கும் வழி

போன குறுவையில் ஒரு சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள். வேளாண்மை படிக்கிறாள். வலங்கைமான் பக்கம் எங்கள் வயலில் கூண்டு வைத்து, நெற்பயிரிலிருந்து எவ்வளவு மீத்தேன் வெளியேறுகிறது என்று அளந்துகொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு எக்டேருக்கு ஒரு நாளைக்கு 1,150 கிலோ மீத்தேன்னு வருது. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். அதேதான் வருது."

"மறுபடி போடாதம்மா. அது எத்தனை மடங்கு தப்புன்னு மட்டும் பாரு."

எப்போதும் நீர் நிற்கும் நெல் வயலுக்கு ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் திருத்திக் கொடுத்த உலக அடிப்படை அளவு, எக்டேருக்கு நாளொன்றுக்கு 1.19 கிலோ. அவள் விடை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஆயிரம் என்றதும் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது: கூண்டின் கன அளவை லிட்டரில் வைத்துக்கொண்டு அழுத்தத்தைப் பாஸ்கலில் போட்டிருக்கிறாள். மாற்றிப் போட்டதும் 1.15 கிலோ வந்தது.

பத்து வருடத்துக்கு மேலாக நீடாமங்கலத்தில் மேல்நிலை மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை மனப்பாடமாகச் சொல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அழுத்தம் × கன அளவு = மோல் × ஆர் × வெப்பநிலை; மோலை மோலார் நிறையால் பெருக்கினால் நிறை. அவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் விடை தப்பும். தப்பிய விடை எத்தனை மடங்கு தப்பியது என்று பார்த்தாலே எந்த இடத்தில் தப்பியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் இங்கே பிழைகளை அந்த மடங்கின்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு தோராயம்

மடங்கு பார்க்க வேண்டுமானால் சரியான விடை ஏறக்குறைய எவ்வளவு என்று கையில் இருக்க வேண்டும். டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய தரை. காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். வெப்பநிலையை 30 டிகிரி என்று வைத்தால், ஒரு கன மீட்டரில் எந்த வாயுவானாலும் 40 மோல். இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் மீத்தேன் 640 கிராம் சொச்சம், காற்று 1.16 கிலோ, கார்பன் டை ஆக்சைடு ஒன்றே முக்கால் கிலோ. லிட்டரில் நினைப்பவர்களுக்கு, ஒரு மோல் 25 லிட்டர்.

கால்குலேட்டரைத் தொடும் முன் இந்தத் தோராயத்தைத் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அழுத்தம் இரண்டு மடங்கானால் தோராயமும் இரண்டு மடங்கு.

ஆயிரம் மடங்கு, அல்லது ஆயிரத்தில் ஒரு பங்கு

அலகுப் பிழை. சமன்பாட்டிலுள்ள ஆர் என்ற மாறிலி 8.314. அதற்கு நம் கணக்கில் இரண்டு ஜோடிதான் பொருந்தும்: பாஸ்கலும் கன மீட்டரும், அல்லது கிலோபாஸ்கலும் லிட்டரும். பாஸ்கலோடு லிட்டரைச் சேர்த்தால் விடை ஆயிரம் மடங்கு ஏறும். கிலோபாஸ்கலோடு கன மீட்டரைச் சேர்த்தால் ஆயிரத்தில் ஒன்றாக இறங்கும். என் பிள்ளைகளுக்குக் கிலோபாஸ்கல்–லிட்டர் ஜோடியைத்தான் பழக்குகிறேன். நம் ஊர்க் கூண்டு, டிரம், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் எண்கள் கைக்கு அடக்கமாக வரும்.

நூறு மடங்கு, அல்லது நூறில் ஒரு பங்கு

இதற்கு இரண்டு காரணம் உண்டு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது மாறிலி மாறிப்போவது. 0.0821 என்பது வளிமண்டல அழுத்த அலகுக்கும் லிட்டருக்கும் உரியது. கிலோபாஸ்கல் போட்டுவிட்டு 0.0821ஆல் வகுத்தால் விடை 101 மடங்கு கூடும். வளிமண்டல அலகு போட்டுவிட்டு 8.314ஆல் வகுத்தால் 101இல் ஒரு பங்காகக் குறையும். எண் எப்போதும் 101.3தான், எந்த வாயுவானாலும் மாறாது.

இரண்டாவது, சாண எரிவாயு டிரம்மில் வருவது. மிதக்கும் டிரம்மில் நீர்மானக் குழாயை வைத்தால் 10 சென்டிமீட்டர் காட்டும். அதைக் கிலோபாஸ்கலாக்கினால் 0.98. அதையே அழுத்தம் என்று போட்டுவிடுகிறார்கள். வெளிக்காற்று டிரம்மை அழுத்துவதை நீர்மானி காட்டாது, அதற்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான் காட்டும். வெளிக்காற்று 100.5 என்றால் உள்ளே 101.5. இதை விட்டால் விடை நூறில் ஒரு பங்காகிவிடும். பிரித்தறிவது சுலபம். நீர்மானி 10க்குப் பதில் 5 காட்டும் நேரத்தில் மறுபடி கணக்குப் போடுங்கள். நிறை பாதியாகிவிட்டால் மீட்டர் அழுத்தத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அரை சதவீதம் மட்டும் குறைந்தால் அழுத்தம் சரி, மாறிலியைப் பாருங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு கூடுதல்

செல்சியஸ். வேறு எதுவும் இல்லை. 34 டிகிரியை 307.15 கெல்வினாக மாற்றாமல் போட்டால் ஒன்பது மடங்கு, 25 டிகிரியில் பன்னிரண்டு மடங்கு, 38 டிகிரியில் எட்டு மடங்கு. நம் ஊர் வெப்பநிலை பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் ஏறி இறங்குகிறது. அதனால் இந்தப் பிழைக்கு நம் ஊரில் இந்த மடங்குதான் வரும்.

சந்தேகமானால் வெப்பநிலையை 30லிருந்து 33க்கு ஏற்றிப் பாருங்கள். நிறை ஒரு சதவீதம் குறைந்தால் சரி. ஒன்பது சதவீதம் குறைந்தால் செல்சியஸில் இருக்கிறீர்கள்.

பாதி

டிராக்டர் பின்சக்கரத்தில் எத்தனை கிலோ காற்று என்று ஒரு பையனிடம் கணக்குக் கொடுத்தேன். பஞ்சர் கடையில் கேட்டு வந்து 14 பாயிண்ட் என்றான். 14 பாயிண்ட் என்றால் 14 பிஎஸ்ஐ, 96.5 கிலோபாஸ்கல். அதை அப்படியே போட்டான், பாதி வந்தது. மேலே சொன்ன பிழையேதான், ஆனால் டயரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமமாக இருப்பதால் நூறில் ஒன்று என்பது பாதியாகத் தெரிகிறது. சைக்கிள் டயரில் மூன்று பார் (ஒரு பார் 100 கிலோபாஸ்கல்) என்றால் இதே பிழை முக்கால் பங்காகத் தெரியும். (சேற்றுழவுக்காக டயரில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றியிருந்தால் காற்றுக்கு உள்ள இடமே வேறு.)

பாதிக்கு இன்னொரு காரணம், நைட்ரஜனுக்கு 14, ஆக்சிஜனுக்கு 16 என்று அணு நிறையைப் போடுவது. இவை இரண்டிரண்டு அணுக்களாகத் திரியும் வாயுக்கள்: 28, 32. மீத்தேனிலோ கார்பன் டை ஆக்சைடிலோ பாதி வந்தால் இது காரணமாக இருக்க முடியாது. அப்போது அழுத்தத்தைத் தேடுங்கள்.

நான்கு மடங்கு, முப்பத்தைந்து மடங்கு

இவை டேப் பிழைகள். டிரம்மின் விட்டத்தை ஆரம் என்று எடுத்தால் நான்கு மடங்கு. கொத்தனார் சொன்ன கன அடியைக் கன மீட்டர் என்று எழுதினால் 35 மடங்கு.

பதினொரு சதவீதம் கூடுதல்

மோலுக்கு 22.4 லிட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். அது சுழியம் டிகிரிக்கு உரிய எண். நம் ஊர் 30 டிகிரியில் 24.9 லிட்டர். 1982க்குப் பிறகு உலக வேதியியல் அமைப்பான ஐ.யு.பி.ஏ.சி. நியம அழுத்தத்தை ஒரு பார் என்று மாற்றியதால் 22.7 என்றும் புத்தகங்களில் பார்ப்பீர்கள். அதுவும் சுழியம் டிகிரிதான். தேர்வுத்தாளுக்கு இந்த எண்கள் போதும். வயலில் நின்று அளந்த வாயுவுக்கு அன்றைய வெப்பநிலையையே போடுங்கள்.

மூன்று முதல் ஆறு சதவீதம் கூடுதல், அதுவும் தண்ணீர் இருக்கும் இடத்தில் மட்டும்

ஈரம். சாணக் கரைசலின் மேலே நிற்கும் வாயுவில் நீராவியும் கலந்திருக்கிறது. மொத்த அழுத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. 25 டிகிரியில் 3.2 கிலோபாஸ்கல், 30இல் 4.2, 34இல் 5.3. இதைக் கழிக்காவிட்டால் நீராவியையும் மீத்தேன் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். குளிர்ந்த ஊர்ப் புத்தகங்களில் இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவார்கள். சித்திரை வெயிலில் இது ஐந்து சதவீதத்துக்கு மேல் போகும். நமக்கு இது அடிக்குறிப்பு இல்லை.

சாண எரிவாயுவில் மீத்தேன் 1.7 மடங்கு

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நல்ல மாணவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

டிரம்மின் விட்டம் 1.2 மீட்டர், 0.8 மீட்டர் எழும்பி நிற்கிறது. கன அளவு 905 லிட்டர். உள்ளே மொத்த அழுத்தம் 101.5, நீராவி 5.3 போக 96.2 கிலோபாஸ்கல். வெப்பநிலை 307.15 கெல்வின். 96.2 × 905ஐ 8.314 × 307.15ஆல் வகுத்தால் 34.1 மோல். தோராயம் சொன்னது 36. நீராவியையும் சூட்டையும் கழித்தால் பொருந்துகிறது.

இதில் 60 சதவீதம் மீத்தேன், 40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சதவீதம் கன அளவுக்கு, அதாவது மோலுக்கு. எடைக்கு இல்லை. மீத்தேன் 20.5 மோல், 16.04ஆல் பெருக்கினால் 328 கிராம். கார்பன் டை ஆக்சைடு 13.6 மோல், 44ஆல் பெருக்கினால் 600 கிராம். ஆக 928 கிராமில் அடுப்பில் எரிவது 328தான். கன அளவில் அறுபது சதவீதமாக இருந்தது எடையில் முப்பத்தைந்தாகிவிட்டது.

தப்பு நடப்பது இரண்டு விதமாக. மொத்த எடை 928ஐ எடுத்து அதில் 60 சதவீதம் என்று 557 கிராம் சொல்வார்கள். அல்லது 34.1 மோலையும் 16ஆல் பெருக்கி 547 கிராம் என்பார்கள். இரண்டும் 1.7 மடங்கு அளவில் வந்து நிற்பதால், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று முடிவுகட்டிவிடுவார்கள். கலவை என்றால் முதலில் மோலைப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறையாக்கிய பிறகு கூட்டுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்தே நான் சொல்வது வழக்கம். சாணத்தை வழித்தெடுத்த பிறகும் அந்தக் கனத்த வாயு குழியின் அடியில் தங்கும். ஹைட்ரஜன் சல்பைடும் கூடவே தங்கும். டிரம்மைத் தூக்கிவிட்டுச் சுத்தம் செய்ய இறங்குகிறோம் என்று யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். பிடித்துக்கொள்ளக் கயிறும் மேலே ஆளும் இருந்தால்கூட வேண்டாம். அந்த வாயு இருக்குமிடத்தில் ஒருவர் மயங்கினால், தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார்.

சிலிண்டரில் முப்பதில் ஒரு பங்கு

வீட்டுச் சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ என்று எழுதியிருக்கும். உள் கொள்ளளவு 33.3 லிட்டர். அழுத்தம் ஏழு பார் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அரைக் கிலோகூட வராது. கணக்கில் பிழையில்லை, சமன்பாட்டை எடுத்த இடம்தான் பிழை. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே கொஞ்சம் இடத்தில்தான் வாயு. வாயு செலவாகச் செலவாகத் திரவம் ஆவியாகி அதே அழுத்தத்தைக் காப்பாற்றுகிறது. அதனால் அழுத்தத்தைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. தராசுதான் வழி. கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் வெற்று எடை பொறித்திருக்கும். தூக்கி நிறுத்து அதைக் கழித்துவிடுங்கள்.

சோடாக் கடைக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் இந்த வகைதான். ஆனால் அதன் நிலைமாறு வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத வெப்பநிலை, 31 டிகிரி. கும்பகோணத்தில் ஒரு மே மாதப் பிற்பகலில் அந்தச் சிலிண்டருக்குள் திரவம் எது, வாயு எது என்ற பிரிவே மறைந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் நல்லியல்பு வாயு அல்ல. அதையும் நிறுத்தே பாருங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரில் ஐந்து சதவீதம் குறைவு

ஆக்சிஜன் நம் வெப்பநிலையில் திரவமாகாது, எனவே சமன்பாடு ஓரளவு செல்லும். 46.7 லிட்டர் சிலிண்டர், மீட்டரில் 150 பார், வெளிக்காற்றையும் சேர்த்து 151. விடை 8.95 கிலோ. அவ்வளவு நெருக்கத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்வதால் உண்மையில் இதைவிட ஐந்து சதவீதம் போல் கூடுதலாகவே இருக்கும். நல்லியல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் அமுக்கத்திறன் காரணியை 0.95 என்று போட்டு வகுத்தால் தீர்ந்தது. டிரம்முக்கும் வயல் கூண்டுக்கும் இந்தத் திருத்தம் வேண்டாம். அந்த அழுத்தத்தில் வித்தியாசம் தெரியாது.

வயல் கூண்டு: கணக்கு சரி, விடை மட்டும் நம்ப முடியவில்லை

அக்கா மகளின் கணக்கைச் சரியாக எழுதினால் இப்படி வரும். கூண்டின் அடிப்பரப்பு 0.25 சதுர மீட்டர். நீர் மட்டத்துக்கு மேலே காற்று நிற்கும் உயரம் 95 சென்டிமீட்டர், எனவே 237.5 லிட்டர். அழுத்தம் 100.6 கிலோபாஸ்கல், 35 டிகிரி. மொத்தம் 9.33 மோல் காற்று. அரை மணி நேரத்தில் மீத்தேன் 4 பிபிஎம் ஏறியது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு மோல், அதனால் 9.33 × 4ஐப் பத்து லட்சத்தால் வகுத்து 16.04ஆல் பெருக்கினால் 0.6 மில்லிகிராம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மணிக்கு என்று மாற்றினால் 4.8 மில்லிகிராம். 24ஆல் பெருக்கினால் எக்டேருக்கு 1.15 கிலோ. பகலில் எடுத்த ஒரு அளவை நாள் முழுவதற்கும் நீட்டுவது தோராயம்தான். காலையும் மாலையும் எடுத்தால் நல்லது.

*முக்கால் பங்கு வருகிறது.* நீங்கள் ஒப்பிடும் ஆய்வில் மீத்தேனாக எழுதியிருக்கிறார்கள், நீங்கள் மீத்தேனிலுள்ள கார்பனாக எழுதியிருக்கிறீர்கள். 12ஐ 16ஆல் வகுத்தால் முக்கால்.

*பயிர் வளர்ந்த பிறகு திடீரென்று பாதி.* பயிர் உயர்ந்ததும் கூண்டின் மேல் இன்னொரு அடுக்கு வைத்திருப்பீர்கள். கன அளவைப் பழைய உயரத்திலேயே விட்டிருப்பீர்கள்.

*மிகக் குறைவு, ஏறக்குறைய ஒன்றுமில்லை.* கூண்டை வரிசைக்கு நடுவில் வெற்று நீரின் மேல் வைத்துவிட்டீர்களா? மீத்தேனின் பெரும்பகுதி பயிருக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே, தூர் வழியேதான் மேலே வருகிறது. குத்துகள் கூண்டுக்குள் இருக்க வேண்டும்.

*ஏற்றம் நேர்கோடாக இல்லை, பாதியில் இறங்குகிறது.* கசிவு. கூண்டு உட்காரும் அடிச்சட்டத்தின் காடியில் கசிவை அடைக்க ஊற்றிய தண்ணீர் வற்றியிருக்கும். நீர் மறைய நீர் கட்டும் வயலில் வெடிப்பு விட்டிருந்தால் அதன் வழியாகவும் வெளியேறும்.

*விடை எதிர்மறை.* காய்ந்த மண்ணில் சிறிய எதிர்மறை உண்மையாகவே இருக்கலாம். மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில் உண்டு. ஆனால் நீர் நிற்கும் வயலில் பெரிய எதிர்மறை வந்தால், கூண்டை மூடியதும் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்த முதல் மாதிரியைப் பாருங்கள். வெளிக்காற்றில் மீத்தேன் 2 பிபிஎம்முக்கு அருகில்தான் இருக்கும். முதல் அளவே 15, 20 என்று காட்டினால், கூண்டை மூடும்போது யாரோ பக்கத்துச் சேற்றை மிதித்திருக்கிறார்கள். சேற்றில் அடைபட்ட குமிழிகள் மேலே வந்து கூண்டை நிரப்பிவிட்டன. அதற்குப் பிறகு எத்தனை சரியாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை, அந்த அளவை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

வெயிலில் கூண்டு சூடாவதைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுவதைப் பார்க்கிறேன். அரை மணியில் 35 டிகிரி 41 ஆனால்கூட மோல் கணக்கில் இரண்டு சதவீதம்தான் மாறும். உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு இரண்டு அளவின் சராசரியைப் போட்டால் அதுவும் தீரும். ஒரு தப்படி மிதித்தால் வரும் பிழையோ பத்து மடங்கு. என்னைக் கேட்டால் கவலையை அங்கே வையுங்கள்.

அவளுடைய இரண்டாவது வாரத்து அளவுகளில் மூன்றில் ஒன்று இப்படித்தான் கெட்டுப்போயிருந்தது. அம்மா வீட்டுக் கொல்லையில் கிடந்த இரண்டு பழைய சவுக்குப் பலகைகளை எடுத்துவந்து வரப்பிலிருந்து கூண்டுவரை செங்கல் மேல் போட்டோம். அடிச்சட்டத்தை முந்தின நாளே பதித்து மண்ணை அடங்கவிட்டோம். மறுநாள் காலை அவள் பலகையில் குந்தி எடுத்த முதல் சிரிஞ்ச் 2.1 காட்டியது, அரை மணி கழித்து 6.1.